கூலண்ட் விளக்கு எரிந்தால் சென்சரைக் கடைசியாகக் கழற்றுங்கள்

"சென்சர் பழுதாப் போச்சு பாஸ், புதுசு ஒண்டு பூட்டி விடுங்க."

கூலண்ட் விளக்கு, அதாவது எஞ்சினை ஆற்றும் தண்ணீர் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு, எரிகிற வாகனத்தோடு வருகிறவர்கள் இறங்கும்போதே சொல்வது இதுதான். நோயாளியே மருந்துத் துண்டையும் எழுதிக்கொண்டு வந்த மாதிரி. சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மட்டக்களப்பு கல்லடியில் வாகன வயரிங் வேலை பார்க்கிற என் அனுபவத்தில் வரிசை வேறு. முதலில் பார்த்தால் தண்ணீர் உண்மையாகவே குறைந்திருக்கும். இல்லையென்றால் சென்சர் வயரின் பிளக்கில் கறள் பிடித்திருக்கும். இரண்டும் இல்லையென்றால்தான் சென்சர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். இந்த உப்புக் காற்றில் செம்பு முனை ஒன்று மூடியில்லாமல் கிடந்தால் சில மாதத்திலேயே பச்சை பூத்துவிடும்.

அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டோர்ச், சின்ன பிரஷ், வடித்த நீர் ஒரு போத்தல் இருந்தால் முக்கால்வாசி வேலையை வீட்டு முற்றத்திலேயே முடிக்கலாம்.

எந்த விளக்கு என்று முதலில் பாருங்கள்

டாஷ்போட்டில் இரண்டு விளக்கு உண்டு. ஆட்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவார்கள். அலைமேல் வெப்பமானி நிற்கிற மாதிரிப் படம் போட்டது வெப்பநிலை விளக்கு. அது சிவப்பாக எரிந்தால் எஞ்சின் சுட்டுவிட்டது என்று அர்த்தம். வண்டியை ஓரம் கட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. சில வாகனங்களில் அதே விளக்கு காலையில் நீலமாக எரிந்து, எஞ்சின் சூடானதும் அணையும். அது கோளாறு இல்லை. தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் மட்ட விளக்கு தனியானது. பெரும்பாலும் சின்னத் தொட்டிக்குள் அலை போட்ட படமாக இருக்கும், அல்லது திரையில் எழுத்தாக வரும். சில கம்பனிகள் வெப்பமானிப் படத்தையே மஞ்சளாக எரியவிட்டு மட்டத்தைச் சொல்லும். கையேட்டைப் புரட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மட்ட சென்சர் எல்லா வாகனத்திலும் கிடையாது. நம்மூரில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் அது இல்லவே இல்லை; போத்தலில் இரண்டு கோடு மட்டும்தான். ஐரோப்பியக் கார்கள், புதிய பஸ், லொறி, ஜெனரேற்றர், நெல் வெட்டும் மெசின் இவற்றில்தான் அதிகம் பார்க்கலாம். பொனட்டைத் திறந்து கூலண்ட் போத்தலின் அடியையோ பக்கத்தையோ பாருங்கள். இரண்டு வயர் பிளக் ஒன்று போய் நின்றால் இருக்கிறது. பெரிய எஞ்சின்களில் ரேடியேற்றரின் மேல் தொட்டியில் அது திருகப்பட்டிருக்கும். எஞ்சின் தலைப்பக்கம், தெர்மோஸ்டாற் (தண்ணீர் சூடானதும் வழி திறக்கும் வால்வு) இருக்கும் வீட்டுக்கு அருகே நிற்பது வெப்பநிலை சென்சர். அதைக் கழற்றிவிட்டு மட்ட விளக்கு அணையவில்லை என்று வந்தவர்களும் உண்டு.

எப்போது எரிகிறது?

கருவி எதையும் எடுக்குமுன் இரண்டு நாள் கவனியுங்கள். எரிகிற நேரமே பாதி விடை.

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் எரிந்து, சூடேறியதும் அணைகிறதா? தண்ணீர் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. குளிரில் சுருங்கிக் கீழே போகிறது, சூட்டில் விரிந்து மேலே வருகிறது. வளைவிலோ பிரேக் பிடிக்கும்போதோ ஏற்றத்திலோ மட்டும் எரிந்தால் அதுவும் இதே கதைதான். போத்தலுக்குள் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. இந்த இரண்டிலும் சென்சர் பாவம், உண்மையைத்தான் சொல்கிறது.

மழையில் ஓடிய பிறகு, அல்லது சேர்விஸில் எஞ்சினுக்குத் தண்ணீர் அடித்த பிறகு எரிந்தால் பிளக்குக்குள் ஈரம். குழியில் விழுந்து எழும்பும்போது சிமிட்டினால் வயர் தளர்வு. சாவி போட்ட நொடியிலிருந்து எப்போதும் எரிந்து, போத்தலில் மட்டமும் சரியாக இருந்தால்தான் போத்தலுக்குள் மிதக்கும் மிதவை, சென்சர், வயர் மூன்றிலும் சந்தேகப்பட வேண்டும். கூலண்ட் மாற்றிய மறுநாளே எரியத் தொடங்கியதென்றால் காற்று அடைத்திருக்கலாம், அல்லது ஊற்றிய தண்ணீரே காரணமாக இருக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று: சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஓரிரு நொடி எரிந்து அணைய வேண்டும். அந்த நேரத்திலும் இந்த விளக்கு எரியாமல் இருந்தால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ ஏற்கனவே கை வைத்திருக்கலாம்.

அப்படிக் கை வைத்த ஒரு வேன் எனக்குத் தெரியும். ஹயர் வேன். விளக்கு எரிந்து தொல்லை கொடுக்கிறது என்று முந்தைய கைக்காரர் ஒருவர் சென்சர் வயர் இரண்டையும் வெட்டி, ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, போத்தலுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். விளக்கு அணைந்தது, எல்லோருக்கும் சந்தோசம். வோட்டர் பம்ப் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. செங்கலடியில் திரும்பி மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் பயணம். தட்டையான றோட்டு முழுக்க ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டு வளைவு மலை றோட்டில் ஏறத் தொடங்கியதும் மணம் வந்திருக்கிறது. சாரதி மீட்டரைப் பார்த்தார், முள் நடுவிலேயே நின்றது. ஏனென்றால் தண்ணீர் வற்றினால் வெப்பநிலை சென்சர் காற்றில் நிற்கும். எஞ்சின் எரிந்தாலும் அது ஒழுங்காகச் சொல்லாது. எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் காஸ்கெட் போய், தலையான ஹெட்டும் வளைந்துதான் அந்த வேன் திரும்பி வந்தது. டேப் சுற்றிய அந்த முறுக்கு இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது.

தண்ணீர் மட்டம்: ஆறிய எஞ்சினில் மட்டும்

சூடான எஞ்சினில் மூடியைத் தொடாதீர்கள். மூடி சும்மா மூடுவதற்கு மட்டும் வைத்ததல்ல. பொதுவாக 0.9 அல்லது 1.1 பார் என்று அதன் தலையில் அடித்திருக்கும். அந்த அமுக்கத்தில்தான் உள்ளே இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அமுக்கம் விழும், கொதித்து ஆவியோடு முகத்துக்கு வரும். எஞ்சினை அணைத்து ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். மேல் ஹோஸை நசித்துப் பார்த்து, இறுக்கமில்லாமல் மென்மையாக இருந்தால், தடித்த துணி போட்டு முதல் கால் சுற்று மட்டும் திருப்பி, சீறல் நின்ற பிறகு முழுவதும் திறக்கலாம். ரேடியேற்றர் மின் விசிறி எஞ்சின் அணைந்த பிறகும் சுற்றத் தொடங்கலாம். கையைத் தள்ளியே வையுங்கள்.

சமதரையில் நிறுத்தி மட்டத்தைப் பாருங்கள். பழைய போத்தல் மஞ்சளித்து உள்ளே எதுவும் தெரியாவிட்டால் பின்னாலிருந்து டோர்ச் அடித்தால் நிழல் கோடாகத் தெரியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமுக்கம் ஏறாத துணைப் போத்தல் வைத்த வாகனங்களில், அதாவது ரேடியேற்றருக்குத் தனி மூடி உள்ளவற்றில், போத்தல் நிறைய இருக்கும். ரேடியேற்றர் காலியாக இருக்கும். எஞ்சின் ஆறும்போது போத்தலிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க வேண்டிய சின்ன வால்வு அந்த மூடியின் அடியில் நடுவே இருக்கிறது. அது இறுகினாலோ, இடையில் போகும் மெல்லிய ஹோஸ் வெடித்தாலோ இழுக்காது. அதனால் போத்தலை நம்பாமல் ரேடியேற்றர் மூடியையும் திறந்து பாருங்கள். தண்ணீர் கழுத்து வரை நிற்க வேண்டும்.

குறைந்திருந்தால் ஊற்றி, போத்தலில் மட்டம் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். விளக்கு அணைந்துவிட்டதா? அப்படியானால் சென்சர் நல்லது, கதை ஒழுக்கில் இருக்கிறது.

எதை ஊற்றுவது? கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். வாவியோரக் கிணறுகளில் உவர்ப்பு, மற்றவற்றில் சுண்ணாம்பு. உவர்ப்பு அலுமினியத்தைத் தின்னும், சுண்ணாம்பு ரேடியேற்றர் குழாயையும் சென்சரையும் மூடும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் நல்லது. கடையில் பக்கத்திலேயே அசிட் போத்தலும் நிற்கும், லேபிளைப் பார்த்து எடுங்கள். "இங்கே பனி உறையாதே, கூலண்ட் எதற்கு?" என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது கூலண்டின் வேலையில் பாதிதான். கொதிநிலையை உயர்த்துவதும், உள்ளே கறள் பிடிக்காமல் காப்பதும் மிச்சப் பாதி. நமக்கு அதுதான் வேண்டும். பாதிக்குப் பாதி கலவை வழக்கம். திக்கான கூலண்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் சூட்டை எடுப்பது குறையும், கூடாது. நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்கவும் வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பனி போடும் சாயம். உள்ளே இருக்கும் மருந்தை நிறம் சொல்லாது.

ஒழுக்கு எங்கே?

இரவில் வண்டிக்கு அடியில் காட்போட் மட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் பொட்டு விழுந்த இடம் நேரே மேலே காட்டும். ஹோஸ் கிளிப் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் போல் காய்ந்திருந்தால் அது பழைய ஒழுக்கு. வோட்டர் பம்பின் வயிற்றுப் பக்கம் சின்னத் துளை ஒன்று உண்டு. அதிலிருந்து சாயக்கோடு வழிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அந்தத் துளையை அடைப்பது வைத்தியம் இல்லை, பம்ப் மாற்ற வேண்டும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை, ஆனாலும் கோடு கீழே இறங்குகிறதா? அப்போதுதான் பயப்பட வேண்டும். எண்ணெய் மூடியின் அடியில் பால் நிறப் பசை, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய உடனேயே ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேற்றருக்குள் விடாமல் குமிழி. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் காஸ்கெட்டைச் சோதிக்கக் கொடுங்கள். கராஜில் நீல மருந்து ஊற்றிய குழாயை ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு வந்தால் மருந்து மஞ்சளாக மாறும்.

வழியில் மாட்டிக்கொண்டவர்கள் மஞ்சள்தூளோ ஒழுக்கு அடைக்கும் பவுடரோ போட்டுச் சமாளிப்பதுண்டு. வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் அது ஒழுக்கை மட்டும் தேடிப் போய் அடைக்காது, மிதவையிலும் படியும். அப்படிப் படிந்த மிதவைதான் "சென்சர் பழுது" என்று என்னிடம் வரும்.

பிளக்கும் வயரும்

மட்டம் சரி, விளக்கு மட்டும் அணையவில்லை என்றால் இங்கே வாருங்கள். சாவியை எடுத்துவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் பூட்டு நாக்கை அமுக்கி பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. பழைய பிளாஸ்டிக் நாக்கு கடலை ஓடு மாதிரி உடையும்.

உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். முனை மினுங்கினால் நல்லது. பச்சைப் பூ இருந்தால் கறள். கறள் இல்லாமல், நிறத்தோடு ஒட்டும் ஈரம் இருந்து, விரலில் தொட்டால் வழுக்கினால் அது மழைத்தண்ணீர் இல்லை, கூலண்ட். சென்சரின் உடம்பு உள்ளே வெடித்து, போத்தலில் இருப்பது பிளக்குக்கு வருகிறது. அந்த சென்சரை யோசிக்காமல் மாற்றுங்கள். அத்துடன் வயரின் தோலை ஓரிரு அங்குலம் சீவிப் பார்க்க வேண்டும். கூலண்ட் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செம்பு இழைகளுக்குள் ஏறிவிடும். இழை கறுத்திருந்தால் பளபளப்பு வரும் இடம் வரை வெட்டி, புது வயர் வைத்து ஈயம் ஊதி, சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். வெறும் டேப் இந்த ஊர்க் காற்றுக்கு நிற்காது.

வெறும் கறள் என்றால் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷால் உரசி, காயவிட்டு, சிலிக்கன் கிரீஸ் ஒரு பொட்டுத் தடவி மூடுங்கள். பிளக்கின் ரப்பர் வளையம் தொலைந்திருந்தால் அதையும் தேடிப் போட வேண்டும். அது இல்லாமல் துடைத்தது அடுத்த மாரி வரைக்கும்தான். விளக்கு இதிலேயே அணைந்துவிடும் வண்டிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. புது சென்சர் வாங்கிப் பூட்டியவர்களுக்கும் சில நேரம் இதனால்தான் அணைகிறது: கழற்றிப் பூட்டும்போது முனை தானாக உரசிச் சுத்தமாகிறது, பெயர் புது சென்சருக்குப் போகிறது.

அப்புறம் மீட்டர். பிளக் கழன்றபடி இருக்க, சாவியை ஓன் பண்ணி, வயர் பக்கத்து இரண்டு முனைக்கும் நடுவில் டிசி வோல்டேஜ் அளந்து பாருங்கள். பெரும்பாலும் 5 வோல்ட் அல்லது பற்றரி வோல்டேஜ் வரும். எதுவும் வராவிட்டால், கறுப்பு முனையைப் பற்றரியின் நெகட்டிவில் வைத்து ஒவ்வொரு வயராக அளவுங்கள். இப்போது ஒன்றில் வோல்டேஜ் வந்தால் மற்ற வயரின் ஏர்த் (பற்றரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) அறுந்திருக்கிறது. எதிலுமே வராவிட்டால் பியூஸையும், போத்தலிலிருந்து உள்ளே போகும் வயர்க் கட்டையும் பாருங்கள். போத்தலைத் தாங்கும் இரும்பு உரசும் இடத்திலும், எலி கடித்த இடத்திலும்தான் பெரும்பாலும் அறும். வீட்டோடு நெல் மூட்டை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு எலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்சரைச் சோதித்தல்

மூன்று வகை. எது என்று தெரியாமல் சோதித்தால் நல்லதையும் கெடுப்பீர்கள்.

முதலாவது மிதவை வகை. போத்தலுக்குள் காந்தம் வைத்த மிதவை ஏறி இறங்கும். தண்டுக்குள் கண்ணாடிக் குழாயில் அடைத்த மெல்லிய இரண்டு தகடு இருக்கும். காந்தம் கிட்ட வந்தால் தகடு சேரும், போனால் பிரியும். வேறு எதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றி, மீட்டரை ஓம்ஸில் வைத்து, சென்சரின் இரண்டு முனையிலும் பிடியுங்கள். போத்தலைக் கழற்றிக் குலுக்கவோ தலைகீழாக்கவோ முடிந்தால் வாசிப்பு மாற வேண்டும்: ஒரு நிலையில் கிட்டத்தட்ட பூச்சியம், மறு நிலையில் முடிவிலி. நிறைந்திருக்கும்போது சேர்வதா பிரிவதா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். மாறுகிறதா என்பதுதான் கேள்வி. சிலவற்றில் உள்ளேயே சின்ன ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அங்கே பூச்சியத்துக்குப் பதில் ஏதோ ஒரு அளவு வரும், அதுவும் சரிதான். மாறவே இல்லையென்றால் வெளியே இருந்து ஒரு காந்தத்தைத் தண்டுக்கு அருகே கொண்டுபோங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். காந்தத்துக்கு மாறினால் சென்சர் நல்லது, மிதவைதான் சிக்கியிருக்கிறது அல்லது தண்ணீர் குடித்து மூழ்கியிருக்கிறது. காந்தத்துக்கும் அசையாவிட்டால் சென்சர் முடிந்தது.

சிக்கிய மிதவைக்குப் போத்தலைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு ஊறவிட்டு, பல தடவை அலசுங்கள். வீட்டுப் போத்தல் கழுவுகிற மாதிரி அரிசியோ மணலோ போட்டுக் குலுக்க வேண்டாம். இதற்குள் தடுப்பறைகள் இருக்கின்றன; ஒளிந்த அரிசி பிறகு வெந்து ரேடியேற்றருக்குப் போகும். செய்தவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது முனை வகை. தண்ணீருக்குள் இரண்டு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், மிதவை கிடையாது. கூலண்ட் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து வேலை செய்கிறது. வொக்ஸ்வாகன், அவுடி வாகனங்களில் இதுதான் வழக்கம். இங்கேதான் முன்னே சொன்ன தண்ணீர்க் கதை. கூலண்ட் சேர்க்காமல் வடித்த நீர் மட்டும் ஊற்றினால் அது போதிய அளவு கடத்தாது. போத்தல் வழிய வழிய நின்றாலும் விளக்கு எரியும். சரியான கலவை ஊற்றினால் அணையும். குச்சியில் சுண்ணாம்பு மூடினாலும் இதே அறிகுறி. வெளியே எடுத்து மென்மையாகத் துடையுங்கள், அரத்தாள் வேண்டாம். பெரிய எஞ்சின்களில் ஒற்றை வயர் முனை ஒன்று ரேடியேற்றர்த் தொட்டியில் திருகப்பட்டிருக்கும். அதற்கு ஏர்த் அதன் மரையிலிருந்துதான் வருகிறது. ஒழுகுகிறது என்று வெள்ளை டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றிப் பூட்டினால் ஏர்த் போய்விடும், பிறகு நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

மூன்றாவது, மூன்று அல்லது நான்கு வயர் உள்ள எலக்ட்ரோனிக் வகை. கனரக எஞ்சின்களில் வரும். இதை ஓம்ஸில் அளந்து பயனில்லை. வோல்டேஜ் ஊட்டம் வருகிறதா, ஏர்த் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் இருந்து, மட்டம் மாற்றியும் சிக்னல் வயர் மாறாவிட்டால் சென்சர்.

இரண்டு வயர் மிதவை வகைக்கு இன்னொரு சுருக்கு வழி உண்டு. சாவி ஓனில், பிளக்கைத் திறந்தபடி விட்டு விளக்கைப் பாருங்கள். பிறகு வயர் பக்கத்து இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். ஒன்றில் எரிந்து மற்றதில் அணைந்தால் வயரும் வாகனத்தின் கணினியும் நல்லவை. இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் கோளாறு வயரில், அல்லது உங்கள் வாகனம் ரெசிஸ்டர் எதிர்பார்க்கும் வகை. அவசரப்பட வேண்டாம், தண்ணீர் அலையும்போதெல்லாம் விளக்கு எரியாமல் இருக்க கணினி சில நொடி முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்துத்தான் முடிவு சொல்லும். மூன்று வயர் வகையில் இந்த இணைப்பைச் செய்யவே கூடாது.

ஸ்கேனர் சொல்வது

ஸ்கேனர் என்பது வாகனக் கணினியில் பதிந்த கோளாறு எண்ணை வாசிக்கும் கருவி. அதில் பி2556 முதல் பி2559 வரை வந்தால் சென்சர் சுற்றில் கோளாறு. பி2560 வந்தால் மட்டம் குறைவு என்று கணினி நம்புகிறது. அந்த வித்தியாசம் முக்கியம்: முதலாவது வயரைத் தேடச் சொல்கிறது, இரண்டாவது தண்ணீரைத் தேடச் சொல்கிறது. லொறி, பஸ், ஜெனரேற்றரில் எஸ்பிஎன் (எந்தப் பகுதி என்று சொல்லும் எண்) 111 என்று வரும். அதோடு எப்எம்ஐ (என்ன கோளாறு என்று சொல்லும் எண்) 3 வந்தால் வோல்டேஜ் கூடிவிட்டது, பெரும்பாலும் வயர் அறுந்தது அல்லது பிளக் கழன்றது. எப்எம்ஐ 4 என்றால் வோல்டேஜ் குறைவு, வயர் எங்கோ உடம்பில் முட்டுகிறது. எப்எம்ஐ 1 அல்லது 18 என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கம்மின்ஸ் எஞ்சினில் இவையே 195, 196, 235 என்ற எண்களில் வரும்: முதலாவது வோல்டேஜ் கூட, இரண்டாவது குறைவு, மூன்றாவது தண்ணீர் குறைவு.

நெல் வெட்டும் மெசின்காரர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. தை, மாசியில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெட்டு மும்முரமாக நடக்கும்போது மெசின் நின்றால் வயல்காரர், லொறிக்காரர், ஆள் எல்லோரும் வரம்பில் நிற்பார்கள். அந்த அவசரத்தில் சென்சர் வயரைப் பிடுங்கி எறிவார்கள். ரேடியேற்றர் முழுக்க வைக்கோல் தூசு அடைத்திருக்கும்; அதைக் காற்றடித்து ஊதினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

சாமான் வாங்குவது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் நாம் எல்லோரும் பழையதையே ஓட்டினோம். அதனால் இப்போது என்னிடம் வரும் கூலண்ட் போத்தல்களில் பாதி தொட்டாலே நொறுங்கும் வயது. வாங்கும்போது அதையும் சேர்த்து யோசியுங்கள்.

பழைய சென்சரைக் கையில் கொண்டுபோங்கள், இல்லையென்றால் அதில் அடித்திருக்கும் பார்ட் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வோம். நம்பர் இல்லாமல் "அந்த மொடல் வேனுக்கு" என்று சொன்னால் வருவது பெரும்பாலும் பொருந்தாது. பிளக் வடிவம் ஒன்றாக இருந்தாலும் ஒன்று நிறைந்தால் சேரும் வகை, மற்றது பிரியும் வகையாக இருக்கலாம். பூட்டினால் விளக்கு தலைகீழாக வேலை செய்யும்.

ரிகண்டிஷன் எஞ்சினோடு வரும் பழைய ஜப்பான் சாமான்களில் இரும்பு வேலை நன்றாக இருக்கும். வோட்டர் பம்ப் உடம்பு, தெர்மோஸ்டாற் வீடு போன்றவற்றைப் பார்த்து எடுக்கலாம். ஆனால் சென்சர், தெர்மோஸ்டாற், மூடி, ஹோஸ், சீல் இவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். ரப்பரும் ஸ்பிரிங்கும் வயதாகும், கண்ணுக்குத் தெரியாது. மூடி மாற்றும்போது அதே பார் அளவு இருக்க வேண்டும். கூடின மூடி போட்டால் இருக்கிற பழைய ஹோஸ்தான் முதலில் வெடிக்கும். தெர்மோஸ்டாற்றும் அப்படித்தான். 82, 88 என்று அடித்திருப்பது திறக்கும் வெப்பநிலை. "சூடான ஊர், அது தேவையில்லை" என்று கழற்றி எறிகிறவர்கள் உண்டு; எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் குடிக்கும், சிலவற்றில் தண்ணீர் தவறான வழியால் சுற்றி மேலும் சுடும்.

சில வாகனங்களில் சென்சர் போத்தலோடு சேர்த்து ஊற்றப்பட்டது, தனியாக வராது. அப்போது முழுப் போத்தல்தான். தனியாக வரும் என்றாலும் போத்தல் மஞ்சளித்து வெடிப்புக் கோடு விழுந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலண்ட் இறக்க வேண்டாம்.

பூட்டுதல்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சென்சர் நிற்கும் இடத்துக்குக் கீழே மட்டம் வரும் வரை கூலண்டைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்குங்கள். பாத்திரத்தை உடனே மூடி வையுங்கள். எதிலீன் கிளைக்கோல் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும், சின்னப் பிள்ளைகளுக்கும் நஞ்சு. வளவில் ஊற்றவும் வேண்டாம், நம் கிணறுகள் எல்லாம் மேல் மணலில் நிற்பவை.

பிளக்கைக் கழற்றி, கிளிப்பை இழுத்தோ கால் சுற்றுத் திருப்பியோ சென்சரை எடுக்கலாம். பழைய ரப்பர் வளையம் துளைக்குள்ளேயே ஒட்டியிருக்கும்; அதை எடுக்காமல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையம் சேர்ந்து ஒழுகும். புது வளையத்தில் கொஞ்சம் கூலண்ட் தடவி, நேராகச் செருகி, கையால் இறுக்கினால் போதும். பிளாஸ்டிக்கில் ஸ்பானர் போட்டு முறுக்கினால் மரை போய்விடும்.

கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் ஸ்குரூ இருந்தால் குமிழி இல்லாமல் தண்ணீர் வரும் வரை திறந்து விட்டு மூடுங்கள். ஹீட்டர் உள்ள வாகனமென்றால் அதை முழுச் சூட்டில் வையுங்கள், அந்தக் குழாயிலும் காற்று நிற்கும். ஸ்டார்ட் பண்ணி, தெர்மோஸ்டாற் திறந்து கீழ் ஹோஸ் சூடாகி, விசிறி ஒரு தடவை ஓடி நிற்கும் வரை விடுங்கள். பிறகு அணைத்து, ஆறவிட்டு, மறுபடி மட்டம் பார்த்து ஊற்றுங்கள். காற்று வெளியேறிய இடத்துக்குத் தண்ணீர் இறங்கும். முதல் நாள் கொஞ்சம் குறைவது இயல்பு. பிரியஸ் போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், பொனட்டுக்குள் இரண்டு போத்தல் இருக்கும். ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேட்டருக்கு. எஞ்சின் போத்தல் குறைந்ததற்கு மற்றதை நிரப்பினால் ஒன்றும் ஆகாது.

ஸ்கேனரில் பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு, போத்தலில் புதிதாக ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில், ஸ்டார்ட் பண்ணுமுன், அதே இடத்தில் நிறுத்தி ஒரு கிழமைக்குப் பாருங்கள். கோடு நகராவிட்டால் பொனட்டை மூடிவிட்டு வேலைக்குப் போகலாம். ஒரு விரல் அளவு இறங்கியிருந்தால் காட்போட் மட்டையை மறுபடி விரிக்க வேண்டும்.